ஒருவர் கவனமும் ஊரார் நலமும்

கொல்கத்தா மாநகரின் தென்பகுதியில் அமைந்துள்ள காளிகாட், அந்நகரின் மிகப் பழைய குடியிருப்புகளுள் ஒன்றாகும். இன்று அங்கே காணப்படும் காளி கோயில் 1809-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்டது. கோயிலை ஒட்டி ஆதி கங்கை என்னும் பழைய நீர்க்கால் செல்கிறது. சிறிது தொலைவில் சியாமா பிரசாத் முகர்ஜி சாலை உள்ளது. அச்சாலையின் கீழே 1986-ஆம் ஆண்டு முதல் சுரங்க இரயில் ஓடுகிறது. அங்கிருந்து ராஷ்பிஹாரி அவென்யூ வழியாகக் கிழக்கே நடந்தால், தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் லேக் மார்க்கெட் பகுதியை அடையலாம். குறுகிய சந்துகள், நெருங்கிய வீடுகள், யாத்திரிகர்கள், பூக்கடைகள், மோட்டார் வண்டிகள், ஒவ்வொருவர் கையிலும் ஒரு கைபேசி: இதுவே அவ்வட்டாரத்தின் இன்றைய தோற்றம். மதுரையிலோ திருச்சியிலோ கோயிலைச் சூழ்ந்த தெருக்களை அறிந்தவர்களுக்கு இந்தத் தோற்றம் புதியதன்று.

இத்தகைய இடத்தில் வாழும் சாதாரணக் குடும்பத்திற்கு அன்றாடக் கவலைகள் மூன்று உண்டு. வண்டி பழுதின்றி ஓட வேண்டும். உடம்பு நோயின்றி இருக்க வேண்டும். கணிப்பொறியிலும் கைபேசியிலும் உள்ள பணமும் செய்தியும் திருடு போகாமல் இருக்க வேண்டும். இம்மூன்றையும் பற்றிய அறிவுரைகளை மூன்று வெவ்வேறு இலாகாக்கள் வெளியிடுகின்றன. மூன்றிலும் பொதுவாகத் தொனிப்பது ஒன்றே: 'உன் பொருளை நீ காத்துக்கொள்' என்பதே அது. இவ்வறிவுரை தவறன்று; ஆனால் பாதி உண்மையே. நெருங்கி வாழும் சமூகத்தில் ஒருவருடைய வண்டியும் உடலும் கணிப்பொறியும் அவருக்கு மட்டும் உரியவை அல்ல. அவற்றில் அவர் காட்டும் அசட்டையின் பலனைப் பெரும்பாலும் அனுபவிப்பவர் அண்டை வீட்டாரே. இந்த மறுபாதி உண்மையைப் பள்ளியிலும் கிராமத்திலும் எடுத்துரைப்பதே இன்று மிகவும் தேவையான விஞ்ஞானக் கல்வி எனலாம்.

வண்டியும் புகையும்

வண்டியின் காற்று வடிகட்டி அடைத்துக்கொண்டால் எஞ்சினுக்கு வேண்டிய அளவு பிராணவாயு செல்வதில்லை. எரிபொருள் முழுமையாக எரியாமல் கார்பன் மோனாக்சைடும் கரித்துகளும் மிகுதியாக வெளிவருகின்றன. கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்ற வாயு. இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினுடன் பிராணவாயு சேர்வதைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேற்பட்ட வலிமையுடன் அது சேர்கிறது. புகையில் உள்ள நுண்துகள்களில், 2.5 மைக்ரானும் அதற்குக் குறைந்த குறுக்களவும் உடையவை மூக்கையும் தொண்டையையும் கடந்து நுரையீரலின் காற்றறைகள் வரை சென்று தங்குகின்றன. அவ்வளவு சிறிய துகள் ஒன்றன் பருமன் மனிதத் தலைமயிரின் பருமனில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கே ஆகும்.

இப்புகையை முதலில் சுவாசிப்பவர் யார்? வண்டியின் சொந்தக்காரர் அல்லர். சந்திப்பில் நிற்கும் போக்குவரத்துக் காவலர், நடைபாதையில் பூ விற்பவர், கைரிக்‌ஷா இழுப்பவர், பள்ளிக்கு நடந்து செல்லும் குழந்தை ஆகியோரே. குளிர்காலத்தில் கொல்கத்தாவில் தரையை ஒட்டிய குளிர்ந்த காற்றின்மேல் வெப்பமான காற்று மூடிபோல் அமர்ந்துவிடுவதுண்டு. அந்நாட்களில் புகை மேலெழுந்து கலையாமல் மக்கள் மூச்சுவிடும் உயரத்திலேயே தேங்குகிறது. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வண்டிக்குள் அமர்ந்திருப்பவரும் இதிலிருந்து தப்புவதில்லை. முன்னே செல்லும் வண்டியின் புகை அவருடைய வண்டிக்குள்ளும் புகுகிறது.

பிரேக்கும் டயரும் இவ்வாறே. காற்றுக் குறைந்த டயர் ஓடும்போது மிகுதியாக வளைந்து சூடேறுகிறது, எரிபொருளும் வீணாகிறது, வேகமாகச் செல்லுகையில் டயர் வெடிக்கவும் கூடும். இந்தியாவில் 2022-ஆம் ஆண்டில் சாலை விபத்துகளில் இறந்தோர் 1,68,491 பேர். அவர்களுள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினர் சாலையில் நடந்து சென்றவர்கள். இவர்களது உயிர் பிறருடைய பிரேக்கையும் பிறருடைய கண்பார்வையையும் நம்பியிருந்தது. ஓட்டுநர் தம் கண்ணைப் பரிசோதித்துக்கொள்வதும், தூக்கம் வரும்போது வண்டியை நிறுத்துவதும் அவருடைய சொந்தச் சுகாதாரம் மட்டும் அல்ல என்பது இதனால் விளங்கும்.

சட்டம் இதற்கு ஓர் ஏற்பாடு செய்துள்ளது. வண்டி பதிவாகி ஓராண்டு கழிந்தபின், புகைக் கட்டுப்பாட்டுச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் கூறுகின்றன. சான்றிதழ் வேண்டியதே, ஆனால் அது சோதனை நடந்த நாளின் நிலையை மட்டுமே காட்டுகிறது. மறுநாள் முதல் வடிகட்டியில் தூசி படிவதைத் தாள் தடுப்பதில்லை. தாள் கைக்கு வந்தவுடன் கவனம் தளர்ந்துவிடுமாயின், சான்றிதழ் அபராதத்திலிருந்து காப்பாற்றுமே அன்றி நுரையீரலைக் காப்பாற்றாது.

நீரும் கொசுவும்

உடல்நலத்தில் இவ்வுண்மையை உலகிற்கு உணர்த்திய ஆராய்ச்சிகளுள் ஒன்று காளிகாட்டிற்கு அருகிலேயே நிகழ்ந்தது. அதற்கு வடக்கே உள்ள பிரசிடென்சி ஜெனரல் மருத்துவமனையில், 1898-ஆம் ஆண்டில் டாக்டர் ரொனால்ட் ராஸ் பறவைகளுக்கு வரும் மலேரியாவை ஆராய்ந்தார். நோயுற்ற பறவையைக் கடித்த கொசுவின் உடலில் நோய்க்கிருமி வளர்ந்து, அதன் உமிழ்நீர்ச் சுரப்பிகளை அடைந்து, அக்கொசு கடிக்கும் வேறொரு பறவைக்கு நோயைத் தருகிறது என்று அவர் நிரூபித்தார். இதன் பயனாக 1902-ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றார். அம்மருத்துவமனையே இன்று எஸ்.எஸ்.கே.எம். மருத்துவமனை என வழங்குகிறது. அதுவரை மலேரியாவைச் சதுப்பு நிலத்தின் கெட்ட காற்றால் வருவது என்றே பலர் எண்ணியிருந்தனர். நோய் ஓர் உடலிலிருந்து மற்றோர் உடலுக்குச் செல்லும் வழி தெரிந்தபின்னரே அவ்வழியை அடைக்க முடிந்தது.

1963-64-ஆம் ஆண்டுகளில் கல்கத்தாவில் டெங்கு காய்ச்சல் கடுமையாகப் பரவிற்று. இன்றும் மழைக்காலந்தோறும் அந்நகரத்தினர் அஞ்சுவது இக்காய்ச்சலையே. இதைப் பரப்பும் ஏடிஸ் கொசு பெரும்பாலும் பகலில் கடிப்பது. தெளிந்த நீரில் முட்டையிடுவது. பூந்தொட்டியின் அடித்தட்டு, எறிந்த டயர், மூடாத தொட்டி, மாடியில் கிடக்கும் உடைந்த வாளி ஆகியவை அதற்குப் போதும். முட்டை கொசுவாக ஏறத்தாழ ஏழு முதல் பத்து நாட்கள் ஆகின்றன. ஆகவே வாரம் ஒரு முறை நீரைக் கொட்டிப் பாத்திரத்தைத் தேய்த்துக் கழுவினால் அச்சங்கிலி அறுபடுகிறது. தேய்ப்பது இன்றியமையாதது; ஏனெனில் பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிய முட்டைகள் நீர் வற்றினாலும் பல மாதங்கள் உயிருடன் இருக்கும்.

இக்கொசு வழக்கமாகச் சில நூறு மீட்டருக்கு அப்பால் பறப்பதில்லை. ஆகவே ஒரு குழந்தைக்கு டெங்கு வந்தால், கொசு வளர்ந்த இடம் பெரும்பாலும் அந்தத் தெருவிலேயே இருக்கும். தம் வீட்டை எவ்வளவு தூய்மையாக வைத்திருந்தாலும், பக்கத்து வீட்டு மாடியில் ஒரு வாளி நீர் தேங்கியிருந்தால் பயனில்லை.

காசநோயும் இதற்குச் சான்று. சாதாரணக் காசநோய்க்குக் குறைந்தது ஆறு மாதங்கள் மருந்து உண்ண வேண்டும் என்பது வழக்கமான முறை. இரண்டு மாதங்களில் இருமல் குறைந்து உடல் தேறியவுடன் மருந்தை நிறுத்துபவர், தமக்கு மட்டும் தீங்கு செய்துகொள்வதில்லை. எஞ்சிய கிருமிகளுள் மருந்தை எதிர்க்கும் வகை பெருகி, அவ்வகையே மற்றவருக்கும் பரவுகிறது. இரண்டாமவர் முதல் நாளிலிருந்தே மருந்துக்கு எளிதில் கட்டுப்படாத நோயுடன் போராட வேண்டியதாகிறது.

தனித்திருந்த பொறியும் இணைந்த பொறியும்

மூன்றாவது கவலை புதியது. அதன் தொடக்கமும் கொல்கத்தாவோடு தொடர்புடையது. பேராசிரியர் மஹலனோபிஸ் 1931-ஆம் ஆண்டில் நிறுவிய இந்தியப் புள்ளியியல் கழகத்தில், 1950-களின் இடைப்பகுதியில் எச்.இ.சி. 2எம். என்னும் கணிப்பொறி நிறுவப்பட்டது. இந்தியாவில் நிறுவப்பட்ட முதல் எண்முறைக் கணிப்பொறி இதுவே. அது இங்கிலாந்திலிருந்து தருவிக்கப்பட்டது. வேறெந்தப் பொறியுடனும் இணைக்கப்படாமல் தனித்து இயங்கிற்று. அதைக் காக்க அறைக்குப் பூட்டும் வாயிலில் காவலும் போதுமாயிருந்தன. தனித்திருக்கும் பொறிக்குத் தொற்று வர வழி குறைவு.

இன்றைய நிலை வேறு. பூக்கடைக்காரரின் கைபேசியும் வங்கியின் பெரிய கணிப்பொறியும் ஒரே வலையில் கட்டப்பட்டுள்ளன. இந்த இணைப்பினாலேயே நொடியில் பணம் அனுப்ப முடிகிறது. இதே இணைப்பின் வழியாகவே தீங்கும் பரவுகிறது. 2017-ஆம் ஆண்டு மே மாதம் 12-ஆம் நாள் 'வான்னாக்ரை' என்னும் நச்சு நிரல் உலகெங்கும் பரவத் தொடங்கிற்று. ஏறத்தாழ 150 நாடுகளில் இரண்டு இலட்சத்திற்கு மேற்பட்ட கணிப்பொறிகள் பாதிக்கப்பட்டன. கோப்புகளைப் பூட்டிவிட்டு, அவற்றைத் திறக்கப் பணம் கேட்பது அந்நிரலின் வேலை. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகள் பலவற்றில் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. மேற்கு வங்கத்தில் மின்விநியோக அலுவலகங்கள் சிலவற்றின் கணிப்பொறிகளும் பாதிக்கப்பட்டதாக அப்போது செய்தி வெளியாயிற்று.

இங்கே கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. அந்நிரல் புகுந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை, மென்பொருளைத் தயாரித்த நிறுவனம் அதே ஆண்டு மார்ச் மாதத்திலேயே வெளியிட்டிருந்தது. மருந்து வந்து இரண்டு மாதங்கள் ஆகியும், ஏராளமான பொறிகளில் அது இடப்படவில்லை. திருத்தம் இடப்படாத ஒவ்வொரு பொறியும் நீர் தேங்கிய வாளியைப் போல் ஆயிற்று. சொந்தக்காரருக்கு அதனால் அதுவரை தொல்லை எதுவும் தோன்றவில்லை. ஆனால் தீங்கு அதில் வளர்ந்து அடுத்த பொறிக்குத் தாவிற்று.

தனிமனிதரின் கைபேசியும் இவ்வாறே பயன்படுத்தப்படுகிறது. ஒருவருடைய கணக்கைக் கைப்பற்றிய திருடன், அவர் பெயரிலேயே அவருடைய உறவினருக்கும் நண்பருக்கும் 'அவசரமாகப் பணம் வேண்டும்' என்று செய்தி அனுப்புகிறான். அறிந்தவரின் பெயரைக் கண்டு அவர்கள் நம்புகின்றனர். சிறு தொகைக்கு ஆசைப்பட்டுத் தம் வங்கிக் கணக்கைப் பிறருக்கு இரவல் கொடுப்பவர் மற்றொரு வகையினர். திருடப்பட்ட பணம் கைமாறுவதற்கு அக்கணக்கே வழியாகிறது. எங்கோ ஓர் ஓய்வூதியக்காரரின் வாழ்நாள் சேமிப்பு அதன் வழியாக மறைகிறது.

வெட்கம் என்னும் தடை

ஒரு காலத்தில் காசநோயும் தொழுநோயும் வீட்டிற்குள் மறைக்கப்பட்டன. ஊரார் இகழ்வார்கள் என்ற அச்சமே காரணம். மறைத்ததனால் நோய் பெருகிற்று. இன்று இணையவழி மோசடிக்கு ஆளானவர்களும் அவ்வாறே மறைக்கின்றனர். படித்தவர், பெரிய பதவியில் இருந்தவர், பிள்ளைகளுக்கு அறிவுரை கூறியவர் ஆகியோர், தாம் ஏமாந்ததை வீட்டாரிடம்கூடச் சொல்வதில்லை.

இம்மறைப்பினால் விளையும் நட்டம் பெரிது. திருடப்பட்ட பணம் ஒரு கணக்கிலிருந்து மற்றொரு கணக்கிற்கு விரைந்து மாற்றப்படுகிறது. உடனே தெரிவித்தால் வழியிலேயே அதை நிறுத்திவைக்க வாய்ப்புண்டு. இதற்காகவே 1930 என்னும் தேசிய உதவி எண் செயல்பட்டு வருகிறது. ஒரு நாள் தயங்கினால் அவ்வாய்ப்புப் பெரும்பாலும் போய்விடுகிறது. மேலும், எந்தத் தந்திரத்தால் ஒருவர் ஏமாந்தார் என்பது தெரியாததனால், அதே தெருவில் மறுநாள் இன்னொருவர் அதே தந்திரத்திற்கு இரையாகிறார்.

காவல் அதிகாரி போலவோ நீதிபதி போலவோ காணொளி அழைப்பில் தோன்றி, 'நீங்கள் கைது செய்யப்பட்டுள்ளீர்கள்; அறையை விட்டு வெளியேறக் கூடாது' என்று மிரட்டும் மோசடி அண்மை ஆண்டுகளில் பரவியுள்ளது. தொலைபேசி வழியாகக் கைது செய்யும் முறை எதுவும் இந்தியச் சட்டத்தில் கிடையாது. இந்த ஒரு செய்தியை ஊரில் உள்ள ஒவ்வொரு முதியவரும் அறிந்திருந்தால் பல குடும்பங்கள் காப்பாற்றப்படும். ஏமாந்தவரைப் பார்த்து 'இவ்வளவு படித்தும் இப்படியா?' என்று கேட்பவர், அறியாமலேயே திருடனுக்கு உதவி செய்கிறார். கேட்க வேண்டிய கேள்வி, 'எப்போது நடந்தது? 1930-க்குச் சொன்னீர்களா?' என்பதே.

அரசாங்கத்தின் பங்கு

பொறுப்பு முழுவதையும் தனிமனிதர் மீது சுமத்துவதும் நியாயமாகாது என்று சிலர் கூறக்கூடும். அது உண்மையே. சாக்கடை அடைத்துக்கொண்டால் வீட்டுக்காரர் வாளியைக் கவிழ்ப்பதனால் மட்டும் கொசு ஒழியாது. எரிபொருளில் கந்தகம் மிகுந்திருந்தால் வண்டிக்காரர் என்ன செய்தும் புகை நல்லதாகாது. இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டதும், 2020-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் பாரத் ஸ்டேஜ் 6 விதிகளின்கீழ் எரிபொருளில் கந்தகத்தின் அளவு பத்து இலட்சத்தில் 10 பங்காகக் குறைக்கப்பட்டதும் தனிமனித முயற்சியால் நிகழ்ந்தவை அல்ல. கொல்கத்தாவிலேயே 2008-ஆம் ஆண்டில் கல்கத்தா உயர் நீதிமன்றம் ஓர் உத்தரவு பிறப்பித்தது. பதினைந்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட வாடகை வண்டிகளையும் சரக்கு வண்டிகளையும் நீக்குமாறும், ஆட்டோ ரிக்‌ஷாக்களைத் திரவ எரிவாயுவுக்கு மாற்றுமாறும் அது கூறிற்று. அடுத்த ஆண்டு அவ்வுத்தரவு நடைமுறைக்கு வந்தது. பிழைப்பு கெடும் என்று ஓட்டுநர்கள் எதிர்த்தனர். அவர்களுடைய கவலையிலும் நியாயம் இருந்தது. ஆயினும் சந்திப்புகளில் கருநீலப் புகை கக்கிய பழைய இருதட்டு எஞ்சின் ஆட்டோக்களுக்கு இடமின்றிச் செய்ததில் அவ்வுத்தரவின் பங்கு பெரிது.

ஆகவே அரசாங்கமும் மக்களும் ஒருவரை ஒருவர் சாக்காகக் காட்டுவதில் பயனில்லை. நீதிமன்றம் வண்டியின் வயதை அளக்கலாம். மாதந்தோறும் வடிகட்டியைத் திறந்து பார்க்க முடியாது. நகராட்சி தெருவில் மருந்து தெளிக்கலாம். ஒவ்வொரு மாடிக்கும் ஏற முடியாது. 2004-ஆம் ஆண்டு முதல் இயங்கும் மத்திய அரசின் கணிப்பொறி அவசர உதவிக் குழு எச்சரிக்கை வெளியிடலாம்; ஒவ்வொரு கைபேசியிலும் திருத்தத்தை அதுவே இட முடியாது. சட்டத்தின் கை எட்டாத அந்தக் கடைசி இடைவெளியை நிரப்புவது மக்களின் பழக்கமே.

கற்பிக்கும் முறை

இப்பழக்கத்தை உண்டாக்குவதில் ஆசிரியருக்கும் களப்பணியாளருக்கும் உரிய இடம் பெரிது. ஆயினும் செய், செய்யாதே என்னும் பட்டியல்களைச் சுவரில் ஒட்டுவதனால் பழக்கம் பிறப்பதில்லை. காரணத்தைக் கண்ணால் காட்ட வேண்டும்.

ஒரு கண்ணாடிக் குப்பியில் கொசுப் புழுக்கள் உள்ள நீரை எடுத்து, வாயை மெல்லிய துணியால் கட்டி வகுப்பில் வைக்கலாம். சில நாட்களில் துணியின் கீழே கொசுக்கள் பறப்பதைக் கண்ட மாணவன், வீட்டிற்குச் சென்று தானே தொட்டியைத் தேடுவான். அக்கொசுக்கள் வெளியே போகாதவாறு ஆசிரியர் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கடவுச்சொல்லைக் கணக்குப் பாடமாகவே கற்பிக்கலாம். நான்கு இலக்க இரகசிய எண்ணை 10,000 வகையாக அமைக்கலாம். பிறந்த நாளையும் மாதத்தையும் எண்ணாக வைப்பவர், அப்பத்தாயிரத்தை 366 ஆகத் தாமே குறைத்துக்கொள்கிறார். ஆங்கிலச் சிற்றெழுத்துகள் எட்டைக் கொண்டு 20,882 கோடிக்கு மேற்பட்ட சொற்கள் அமையும். இன்னும் நான்கு எழுத்துகளைச் சேர்த்தால் அத்தொகை 4,56,976 மடங்காகப் பெருகும். நீளமான சொல்லே வலிய பூட்டு என்பதை மாணவர் தாமே பெருக்கிக் கண்டுகொள்வர். பணத்தைப் பெற்றுக்கொள்வதற்கு யு.பி.ஐ. இரகசிய எண்ணை ஒருபோதும் இட வேண்டியதில்லை என்பதையும் கூடவே சொல்லவேண்டும். அந்த எண் பணம் வெளியே செல்வதற்கு உரியது.

களப்பணியாளர் வீடுகளுக்குச் செல்லும்போது மூன்று செய்திகளையும் ஒரே உரையாடலில் கூறலாம். தேங்கிய நீரைக் கவிழ்த்துப் பாத்திரத்தைத் தேய்க்குமாறும், வண்டியின் காற்றழுத்தத்தையும் பிரேக்கையும் பார்க்குமாறும், கைபேசிக்கு வந்துள்ள திருத்தங்களை இடுமாறும் வாரத்தில் ஒரு நாளைக் குறித்துக் கூறினால், மக்கள் நினைவில் வைப்பது எளிது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அரைமணி நேரம் போதுமானது. முப்பது வயதைக் கடந்தவர்களை இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ள அருகிலுள்ள அரசுச் சுகாதார நிலையத்திற்கு அனுப்பலாம். இவை இரண்டும் நெடுங்காலம் எவ்வித அறிகுறியும் இன்றி உடலைக் கெடுப்பவை.

இவற்றைக் கூறும்போது, 'உங்களுக்கு ஆபத்து' என்று மட்டும் அச்சுறுத்துவது போதாது. அச்சம் சில நாட்களில் தணிந்துவிடும். 'உங்கள் மாடியிலுள்ள நீர் எதிர்வீட்டுக் குழந்தையைப் பாதிக்கும். உங்கள் வண்டியின் புகை பூ விற்கும் அம்மையாரின் மூச்சில் கலக்கும். உங்கள் கைபேசியின் அசட்டை உங்கள் அத்தையின் சேமிப்பைக் கரைக்கும்' என்று முகமறிந்தவர்களைச் சுட்டிச் சொன்னால் அது நெஞ்சில் நிற்கும். தமக்கென்று சோம்பியிருப்பவரும் பிறருக்கென்றால் எழுவது இந்நாட்டுக் கிராமங்களிலும் நகரத் தெருக்களிலும் நாள்தோறும் காணக்கூடியதே. விஞ்ஞானம் கண்டறிந்த காரணங்களை அந்த நற்குணத்தோடு இணைத்துவைப்பது ஆசிரியரும் களப்பணியாளரும் செய்யத்தக்க பணி. அதற்குப் புதிய கருவிகளோ பெருஞ்செலவோ வேண்டுவதில்லை. வரும் மழைக்காலத்திற்கு முன்னரே அதனைத் தொடங்கலாம்.